ஆளில்லாத படங்கள்

அந்த வீட்டில் அவளுக்கு 'ஒருநிமிஷம்' என்று பெயர். வைத்தது நாத்தனார். எங்கே போய்விட்டுக் கிளம்பினாலும், எல்லோரும் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவள் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு "ஒரு நிமிஷம்" என்று திரும்பி ஓடுவாள். அந்த ஒரு நிமிஷம் சில சமயம் பத்து நிமிஷமாகும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பதினாறு வருஷமாக ஒரு குடும்பத்தின் சாப்பாடு, துணிமணி, பள்ளிக்கூடம், மருந்து மாத்திரை என்று எல்லாவற்றுக்கும் ஓடியவள் தனக்கென்று கேட்டது அந்த ஒரு நிமிஷத்தை மட்டும்தான். அது மட்டும் யார் மண்டையிலும் ஏறவில்லை.

மருத்துவமனையில் அவள் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்ல வேண்டும். அறுபது பேரும் சொன்ன பேச்சைக் கேட்பார்கள். வீட்டுக்கு வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். படமெடுக்கும் ஆசை அவளுக்கு அந்த இருட்டறையில்தான் பிடித்தது. நோயாளி மேஜையிலிருந்து இறங்கிப் போனதும், விரித்திருந்த காகிதத்தில் அவருடைய உருவம் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். குதிகால் அழுத்திய இடம் ஒரு குழி, முதுகு கிடந்த இடம் ஒரு சுருக்கம். அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்தவருக்குப் புதுக் காகிதம் விரிக்க வேண்டும். போடுவதற்கு முன்னால் ஒரு நாள் நின்று பார்த்தாள். அப்புறம் தினமும் பார்த்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய கேமராவை வாங்கினாள். அன்றிலிருந்து, ஆட்கள் அப்போதுதான் எழுந்து போன இடங்களை எடுக்க ஆரம்பித்தாள். மகள் குதித்து இறங்கியதும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் ஊஞ்சல். பஸ் கிளம்பிப்போன பிறகு பெஞ்சில் மறந்துபோன ஒற்றைக் கையுறை. சாப்பிட்டு எழுந்த பாய், அதைச் சுற்றி அமுங்கிக் கிடக்கும் புல். அமுங்கிய புல் நிமிர்வதற்குள் எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு நிமிஷம்.

வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்ப்பவர். அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. நாளெல்லாம் அதில் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் தப்புச் செய்வதற்கு முன்னாலேயே மிதித்துப் பழகியவர். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. அவள் ஏதாவது படத்தைக் காட்டினால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஆளே இல்லையே" என்பார். அத்தோடு முடிந்தது.

மாமனார் போன பிறகு இதில் இன்னொரு குத்தலும் சேர்ந்துகொண்டது. கூடத்தில் மாட்டியிருக்கும் அவருடைய படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. திருடனைப் பிடித்து நிறுத்தியதுபோல முறைத்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டுக்காரர், "இவ்வளவு பெரிய கேமராவ வெச்சுக்கிட்டு எங்கப்பாவ ஒரு நல்ல போட்டோ எடுக்கலையே நீ" என்பார். எடுக்காமல் என்ன. கும்பலாக நிற்க வைத்து எடுத்ததெல்லாம் இருக்கிறது. ஒன்றில் நாத்தனாரின் தோள் மறைக்கும், இன்னொன்றில் கண் மூடியிருக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. நூலக மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அங்கே ஊர்க்காரர்கள் எடுத்த படங்களை மாட்டுவார்கள். அவள் சின்ன அளவில் பத்துப் படங்களை அனுப்பியிருந்தாள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் முழுவதும் அவளுக்கு என்று எழுதியிருந்தார்கள். பத்துப் படமும் தபால்தலை அளவில் அச்சாகி, கீழே அவள் எழுதிய பெயர்களோடு கடிதத்திலேயே இருந்தன. அசல் படங்களைத் திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் கொண்டுவந்து கொடுத்தால், ஆள் உயரத்துக்கு அச்சடித்து மாட்டுவார்களாம். ஆள் உயரம் என்பதை அவள் நான்கு தடவை படித்தாள்.

வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் ஃபோனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். மகள் "சூப்பர்ம்மா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாத்தனாருக்கும் செய்தி போயிற்று. அவள், "அப்ப நம்ம எல்லாரையும் சுவத்துல மாட்டப் போறாங்களா" என்று கேட்டாள்.

அசல் படங்கள் ஒரு கார்டில் இருந்தன. வீட்டுக் கணினி மகளின் பாடங்களும் பாட்டுகளும் அடைத்துக்கொண்டு மூச்சுத்திணறி எப்போதோ நின்றுபோயிருந்தது. மூன்று வருஷப் படங்கள், முந்நூற்றுச் சொச்சம், அந்தக் கார்டில் மட்டும்தான். ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டது அவள் தப்புதான். கார்டை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு, கேமராப் பையின் உள் அறையில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை காலையில் பிரிண்ட் கடையில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, நேரே நூலகத்துக்குப் போவதாகத் திட்டம்.

அதற்கு முந்தின நாள்தான் ஏரிக்குப் போக வேண்டும் என்று நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினாள்.

ஏரிக்கரையில் காலையிலிருந்து மதியம் வரைக்கும் அவள் பத்துத் தடவையாவது குடும்பப்படம் எடுத்திருப்பாள். கேமரா அவளுடையது, உத்தரவு எல்லோருடையது. "தண்ணி தெரியணும்." "தண்ணி வேணாம், பூ தெரியணும்." "என்னை இடது பக்கமா எடு, வலது பக்கம் கன்னம் உப்பித் தெரியும்." நாத்தனார் வீட்டுக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் தொப்பையை உள்ளே இழுத்து மூச்சை அடக்கிக்கொண்டார். 'விடுங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரங்களைக் கழுவ யார் போவது என்று ஒரு பேச்சும் நடக்கவில்லை. அவள்தான் போனாள். குழாயடியில் நின்று கழுவிக்கொண்டிருந்தபோது, படகுத்துறைப் படிக்கட்டில் ஒரு குடும்பம் எழுந்து படகில் ஏறிற்று. ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தார்கள் போலிருக்கிறது. படியில் வரிசையாக ஐந்து ஈர அச்சுகள், பெரியது, சிறியது, மிகச் சிறியது. வெயிலில் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தன. அவள் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, ஈரக்கையோடு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே பாய் விரித்த இடத்துக்கு ஓடினாள்.

கேமரா வீட்டுக்காரர் கையில் இருந்தது. நாத்தனார் குடும்பம் படகில் சுற்றி வருவதை அவர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். பாயின்மேல் மாத்திரை டப்பா திறந்து கிடந்தது.

"ஏங்க, இது ஏன் திறந்திருக்கு?"

"கார்டு ஃபுல்லுன்னு காட்டுச்சு. உன் பையில இன்னொன்னு இருந்துச்சு, எடுத்துப் போட்டேன். அதுவும் ஃபுல்லு."

"அதுல படம் இருந்துச்சே."

"இருந்துச்சு. ஒண்ணுலயும் ஆளே இல்ல. வெறும் பெஞ்சு, வெறும் பாயி. ஒவ்வொண்ணாப் பாத்துப் பாத்து அழிச்சேன்." அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ கவலப்படாத. ஆளிருக்கிற படம் ஒண்ணக்கூட நான் தொடல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்தாள். "நம்ம வீட்டு மடக்கு சேரக்கூட எடுத்து வெச்சிருக்கம்மா. அப்பா அத்தகிட்ட காட்டி, சேருக்கெல்லாம் போட்டோ எடுக்கிறா பாருன்னு சொல்லி, ஒரே சிரிப்பு."

அவள் கேமராவைப் பிடுங்கி வீடியோவை நிறுத்தினாள். படகில் நாத்தனார் கையசைத்தபடியே இருந்தாள். பதினைந்து நிமிஷ வீடியோ ஏற்கெனவே கார்டில் ஏறியிருந்தது. கத்த வேண்டும் போலிருந்தது, ஆனால் சுற்றிலும் ஜனம். அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டாள். படியில் இருந்த ஐந்து அச்சும் அதற்குள் காய்ந்துபோயின.

திரும்பும்போது வண்டியில் விஷயத்தைச் சொன்னாள். நூலகம், சுவர், பத்துப் படம், நாளை மாலை ஆறு மணி என்று ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டுக்காரர், "சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன்ல" என்றார்.

"சொன்னேன். நீங்க 'ம்'னு சொன்னீங்க."

"கார்டப் பத்திச் சொன்னியா?"

கார்டைப் பற்றி அவள் சொல்லியிருக்கவில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"விடு, இப்ப என்ன குடிமுழுகிப் போச்சு" என்றாள் நாத்தனார். "அந்த பெஞ்சு, ஊஞ்சல் எல்லாம் எங்க ஓடிப்போகப் போகுது? அடுத்த வாரம் போயி மறுபடி எடுத்துக்கோ."

பெஞ்சு ஓடாது, உட்கார்ந்தவர்கள்தான் ஓடிப்போனார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். யாருக்குச் சொல்வது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா" என்று பின்னாலிருந்து சன்னமாகக் கேட்டது.

திங்கட்கிழமை காலையில் பிரிண்ட் கடைக்காரர் கார்டைக் கணினியில் செருகி, அழிந்ததைத் தேடும் வேலையை ஓட்டினார். ஒன்றரை மணி நேரம் ஓடிற்று. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தில் இரண்டு முழுசாக வந்தன. மூன்று பாதி வந்தன, மேலே படம், கீழே வெறும் சாம்பல் நிறம். மீதி ஐந்தின் மேல் நாத்தனார் படகில் போய்க்கொண்டிருந்தாள். "மேல வீடியோ விழுந்திருச்சு மேடம். இதுக்கு மேல யார்கிட்டப் போனாலும் வராது" என்றார் கடைக்காரர். வந்த ஐந்தையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்காரர் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தவர், "அந்த லெட்டரக் குடு. நான் பேசறேன். ரெண்டு நாள் டைம் குடுக்க மாட்டாங்களா என்ன" என்றார். அவருக்குத் தெரிந்த வழி அது. அவள் கடிதத்தைக் கொடுத்தாள். அன்றுதான் அவர் அதை முதன்முதலாகக் கையில் வாங்குகிறார்.

நூலகத்து அம்மாள் ஃபோனில் பொறுமையாகக் கேட்டாள். எந்தெந்தப் படங்கள் என்று சொல்லச் சொன்னாள் போலிருக்கிறது. வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"ஒண்ணு, ஊஞ்சல், மகள் இறங்கியதும். ரெண்டு, பஸ் போன பிறகு. மூணு, சாப்பிட்டு எழுந்த பாய்." வாடிக்கையாளரிடம் பேசும் குரலில் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனார். "ஆறு, மருத்துவமனை மேஜை. ஏழு, மாமா எழுந்து போன..."

நிறுத்திவிட்டார். ஃபோனில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டது. அவள் ஃபோனை வாங்கிக்கொண்டாள். நூலகத்து அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள், ஆனால் அழைப்பிதழ் அச்சுக்குப் போயாயிற்று, சுவரைக் காலியாக விட முடியாது, பூக்களை எடுப்பவர் ஒருவர் காத்திருக்கிறார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாள். அவள் நன்றி சொல்லி வைத்தாள். சுவர் போயிற்று.

வீட்டுக்காரர் கடிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். ஏழாவது படம். புல்தரையில் ஒரு மடக்கு நாற்காலி. அதன் துணி வலப்பக்கமாகக் குழிந்து தொங்கியது. மாமனாருக்கு இடது இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அதற்கான எக்ஸ்ரேயை எடுத்தவளும் அவள்தான். அதற்குப் பிறகு அவர் எங்கே உட்கார்ந்தாலும் வலப்பக்கமாகச் சாய்ந்தே உட்கார்வார். கைப்பிடியில் அவருடைய மூக்குக்கண்ணாடி மாட்டியிருந்தது. ஊன்றுகோல் புல்லில் கிடந்தது, ஏனென்றால் அன்று அவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் நடந்தார். அடுத்த ஏரிப் பயணத்துக்கு அவர் இல்லை.

"இது அப்பா சேரு" என்றார்.

"ம்."

"நேத்து இதப் பாத்தேனே. அக்காகிட்ட காட்டினேனே." கடிதத்தை இன்னும் கண்ணருகே கொண்டுபோனார். "அப்பா இப்படித்தான் உக்காருவாரு. இதுல அவரு அப்படியே இருக்காரு."

அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முந்நூறு படம் போனபோது கலங்காத கண் இந்த ஒன்றுக்குக் கலங்குகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் கேமராத் திரையில் இதே படத்தைக் காட்டியபோது, ஆளே இல்லையே என்று சொன்ன வாய்தான் அது.

"இத மட்டும் பெருசா போட முடியாதா? அந்தக் கூடத்துப் படத்த எடுத்துட்டு இத மாட்டிடலாம்."

"முடியாது. இவ்வளவு சின்னதப் பெருசாக்கினா கட்டம் கட்டமாத்தான் தெரியும்."

"கடைக்காரர் எதையோ மீட்டுக் குடுத்தாரே."

அவள் தாளை நீட்டினாள். ஏழாவது, பாதியில் வந்த படங்களில் ஒன்று. மேலே வானம், கொஞ்சம் ஏரி, நாற்காலியின் முதுகுச் சட்டம். அதற்குக் கீழே, துணி குழிந்திருக்க வேண்டிய இடத்தில், சாம்பல். அவர் அந்தச் சாம்பல் இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு விறுவிறுவென்று உள்ளே போனார். பரண் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மடக்கு நாற்காலியை இறக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் விரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, கொஞ்சம் ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"சேர் இதோ இருக்கு. இப்ப எடேன். அதே மாதிரி எடு."

துணி புதிது. பழையது கிழிந்துவிட்டதென்று போன வருஷம் அவரே கடையில் கொடுத்து மாற்றித் தைத்து வாங்கியது. பலகை போல நேராக இருந்தது.

அவள் கேமராவை எடுக்கவில்லை.

"இதுலேர்ந்து யாரும் எழுந்து போகலையேங்க" என்றாள்.

அவளுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் பையை மாட்டிக்கொண்டு செருப்புப் போடும்போதும் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், அதை மடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. வாசல் வரைக்கும் போனவளை, "ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டார். அவள் நிற்கவில்லை.