சுழலாத பின் சக்கரங்கள்

அந்தச் சின்னக் காரை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுற்றுவதை முதன்முதலில் பார்த்த மாலை இன்னும் கண்ணில் நிற்கிறது. துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில்தான் அண்ணனின் லேத் பட்டறை. நான் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரை மிதித்தேன். அண்ணன் தரையில் குப்புறப் படுத்துப் பின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏளா, சுத்துது! பின்னாடியும் சுத்துது!" என்று தங்கை எனக்குக் கேட்கும்படி கத்தினான். பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த அம்மா, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க சக்கரம் மட்டும் ஓடுவதைப் பார்த்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல காலம் ஆகியிருந்தது.

எல்லாம் அம்மாவுக்காகத்தான். எங்கள் குலதெய்வமான சாஸ்தா, செம்மணல் தேரிக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறார். பங்குனி உத்திரத்தன்று எங்கெங்கோ கிடக்கும் சொந்தமெல்லாம் அங்கே கூடும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, கால் புதையும் மணலில் நடந்தாக வேண்டும். குடும்பத்தில் மூத்தவள்தான் பொங்கல் பானையில் முதல் கை அரிசி போடுவாள். அது அம்மாவின் உரிமை. முட்டி தேய்ந்து அவளால் மணலில் நடக்க முடியாமல் போனபின் சித்தி போட ஆரம்பித்தாள். அம்மாவால் அதைத் தாங்கவே முடியவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போகிறோம் என்றால், "நான் என்ன பொணமாளா, தூக்கிட்டுப் போறதுக்கு?" என்று எரிந்து விழுவாள்.

என்னிடம் இருந்ததோ முன் சக்கரம் மட்டும் இழுக்கிற பழைய கார். தேரியில் இறக்கினால் தனக்குத் தானே குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். துறைமுகத்தில் இயந்திரப் பிரிவில் வேலை பார்ப்பதால் வரைபடம் எனக்குக் கைப்பழக்கம். கியர்பாக்ஸிலிருந்து சுழற்சியைப் பிரித்துப் பின்னால் அனுப்ப ஒரு பல்சக்கரப் பெட்டியை வரைந்தேன், அண்ணன் கடைந்தான். பழைய ஜீப்பின் பின் அச்சை வாங்கி மாட்டி, காரின் அடித்தகட்டை வெட்டி, நீளமான ஷாஃப்ட் ஓடுவதற்கு வழி செய்தோம். முதலில் செய்த பெட்டியில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற, வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டிப் பல்லை உடைத்துக்கொண்டது. கணக்கை மாற்றி மறுபடி வரைந்தேன். என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கே போயின. சாலையில் முன் சக்கரம் மட்டும் இழுக்கும். மணல் வந்ததும் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கம்பியை இழுத்தால், கடக்கென்று பின் சக்கரமும் சேர்ந்துகொள்ளும். கடற்கரை மணலில் ஓட்டிப் பார்த்தோம். மூச்சு வாங்காமல் ஏறியது.

உத்திரத்துக்கு முந்தைய வாரம், "ஆயில் மாத்திட்டுத் தாரேன்" என்று அண்ணன் காரைப் பட்டறைக்கு எடுத்துப் போனான். கழுவித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தான். உத்திரத்தன்று பானையோடும் விறகோடும் அவன் தன் வண்டியில் விடியும்போதே கிளம்பிவிட்டான். அம்மா பட்டுப்புடவை கட்டி, அரிசித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தாள். தார் முடிந்தது. கம்பியை இழுத்தேன். எதிலும் மாட்டாமல் லொடலொடவென்று வந்தது. முன் சக்கரங்கள் செம்மணலை வாரி இறைத்துவிட்டு அச்சுவரை புதைந்தன. இறங்கிக் குனிந்து பார்த்தேன். பெட்டி இருந்த இடத்தை ஒரு தகட்டால் அழகாக மூடி போல்ட் போட்டிருந்தது. ஷாஃப்டையும் காணவில்லை. நான் சந்தேகப்படக் கூடாது என்று கம்பியை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"அம்மா, பெட்டியக் காணோம். அண்ணன் கழத்திருக்கான்" என்றேன். அவள் திடுக்கிடவில்லை.

"தெரியும்ளா. மணல்ல என்னமோ ரேசாம். எம் வண்டில மாட்டிக்கிடுதேம்மான்னு கேட்டான். நாந்தான் எடுத்துக்கிடுலேன்னு சொன்னேன். முன்னாடிச் சக்கரம் இழுக்கத்தான செய்யுது?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்லம்மா?"

"சொன்னா நீ குடுக்க மாட்டியே."

கார் என்னுடையது, வரைந்தது நான், வேலை முழுக்க அவள் முட்டிக்காக. அதை அண்ணனுக்குக் கொடுக்க மட்டும் அவளுக்கு என்னைக் கேட்கத் தோன்றவில்லை. "அவனுக்கு ஒரு போனப் போடு, வந்துருவான்" என்றாள். போட்டேன். பந்தயத்துக்கு ஒட்டிய வண்ணத் தாள்களோடு அண்ணனின் கார் தேரி மேட்டைச் சிரமமே இல்லாமல் ஏறி இறங்கி வந்தது. அதுவும் என் காரின் ரகம்தான். பின் அச்சு எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். அந்தப் பெட்டிதான் ஊரில் ஒன்றே ஒன்று.

"உத்திரத்துக்கு முன்ன திருப்பி மாட்டிரலாம்னுதான் இருந்தேன்ளா, நேரமே கெடைக்கல. நீயும் ஏறு" என்றான். நான் ஏறவில்லை. அவர்கள் முன்னே போக, டயர்த் தடத்திலேயே நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா பானைக்கு முன்னால் நின்றிருந்தாள். சித்தி சுற்றி நின்றவர்களிடம், "பாத்தியளா, மவன் வண்டி செஞ்சு ஆத்தாளக் கொண்டாந்து சேத்துட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு, "ஆமா, எம் மவன் செஞ்சது" என்று சொல்லிவிட்டு அரிசியைப் போட்டாள். எல்லோரும் குலவையிட்டார்கள்.

அண்ணன் பிறகு பெட்டியைக் கொண்டுவந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இப்போது ஆண்டுதோறும் அவன்தான் அம்மாவைத் தேரிக்கு அழைத்துப் போகிறான். மற்ற நாளெல்லாம் அம்மா மில்லர்புரத்தில் என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்குத் தைலம் தேய்ப்பதும், மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் நான்தான். ஒவ்வொரு உத்திரத்தன்றும், திரும்பி வந்து படியேறும்போது, "நீ செஞ்சதுதாம்ளா" என்று சொல்லிவிடுவாள் என்று வாசலிலேயே நிற்கிறேன். இந்த வயதில் அதற்காகக் காத்திருப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.