எந்தக் கூலன்ட் நல்லது? அண்ணனைக் கூப்பிடுங்கள்!

வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், ரேடியேட்டர் கொதிப்பதற்கு முன்பே வண்டிக்காரர் கொதித்துவிடுவார். அந்த ஆவி முதலில் அடிப்பது கவுண்டரில் நிற்கிற நம் முகத்தில்தான்.

ராமநாதபுரத்தில், ராமேஸ்வரம் போகிற சாலையில் என் அண்ணன் கடை. பதினோரு வருஷமாகக் கவுண்டரில் நிற்பது நான். அண்ணன் உள்ளே சரக்கு அடுக்குவார், இல்லையென்றால் டீ குடிக்கப் போயிருப்பார். எந்த வண்டி ரேடியேட்டரில் எந்தக் கூலன்ட் ஊற்ற வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஆனால் அதை நான் சொன்னால் வருகிறவர்களுக்கு இறங்காது. நான் சொன்னதை அண்ணனிடம் மறுபடி கேட்காமல் ஒரே ஒரு ஆண்பிள்ளை வாங்கிப் போக வேண்டும். இந்தப் பிறவியில் நான் கேட்கிற வரம் அவ்வளவுதான். கவுண்டரில் காலம் தள்ளும் சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடையில யாரும் இல்லையா?

பரமக்குடிக்காரர் ஒருவர் புதுக் காரில் வந்து இறங்கினார். என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, "கடையில யாரும் இல்லையா?" என்றார். நான் இருக்கிறேன் என்றேன். அவர் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தார். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை வாங்கிப் பார்த்து, இன்ன வகைதான் ஊற்ற வேண்டும், தண்ணீர் கலந்தே வருகிறது, அப்படியே ஊற்றலாம் என்று சொன்னேன். "அண்ணனக் கூப்பிடும்மா" என்றார்.

அண்ணன் வந்தார். அவர் கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பி, "சாந்தி, இதுக்கு எது?" என்றார். நான் சொன்னேன். அதை அண்ணன் அட்சரம் பிசகாமல் அவரிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டப்பாவை வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பாத்தியாம்மா, வெவரம் தெரிஞ்சவுக சொன்னாத்தான் மனசு ஏத்துக்குது."

எதிர்க்கட்சிக் கலர்

முன்னால் கொடி கட்டிய ஜீப் ஒன்று வந்தது. அந்த வண்டிக்கு உரிய டப்பாவை எடுத்து வைத்தேன். உள்ளே இருக்கும் நிறத்தைப் பார்த்ததும் கட்சிக்காரர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அது அவர்களுக்கு ஆகாத கட்சியின் கொடியில் இருக்கிற நிறமாம். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்கு ஒன்று போடுவான், உள்ளே என்ன மருந்து கலந்திருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். எனக்குப் பொறுமை வருவதே அபூர்வம். அவர் யோசித்தார். பிறகு வழக்கம்போல அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார். டப்பாவை மஞ்சப்பையில் மறைத்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "நீ சொல்றது நெசந்தாம்மா. ஆனா ஓட்டு கலருக்குத்தான விழுகுது!"

உப்புத் தண்ணி

எங்கள் ஜில்லாவில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே துரு ஏறும், உப்புப் படிந்து குழாய் அடைக்கும். தண்ணீர் கலக்காத கெட்டிக் கூலன்ட் வாங்கினால், உப்பில்லாத டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும். முதுகுளத்தூர்ப் பக்கமிருந்து டிராக்டர்க்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர் கொண்டுவந்த ரேடியேட்டர் மூடியில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது. நான் டிஸ்டில்டு வாட்டர் கேனையும் சேர்த்து வைத்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க பொறந்ததுல இருந்து அந்தத் தண்ணியத்தான் குடிக்கிறோம். எங்களுக்கு என்ன ஆயிப்போச்சு?" என்றார்.

அவர் மனைவி கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "போன மாசம் மதுரையில வயித்துல கல்லு எடுத்தது யாருக்காம்?"

தீர்த்தம்

ராமேஸ்வரம் போய்த் திரும்பிய வேன் ஒன்று கடை வாசலில் புகை விட்டுக்கொண்டு நின்றது. வெளியூர் டிரைவர். என்ன ஊற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். மண்டபம் வரும்போதே கொதித்ததாம். கையில் வேறு தண்ணீர் இல்லாததால், பயணிகள் ஊருக்குக் கொண்டுபோகக் கோயில் கிணறுகளில் பிடித்து வைத்திருந்த தீர்த்தக் கேன்களைக் கேட்டு வாங்கி ஊற்றிவிட்டார். வேனுக்குள்ளிருந்து ஒரு மாமி அவரைப் பார்த்த பார்வையில் ஆறிப்போன ரேடியேட்டர்கூட மறுபடி கொதித்திருக்கும். தண்ணீரையெல்லாம் இறக்கிவிட்டுக் கூலன்ட் ஊற்ற வேண்டும் என்றேன். டிரைவர் அண்ணனைத் தேடிப் பிடித்துக் கேட்டார்: "சார், இருபத்திரண்டு கிணத்துத் தண்ணியும் உள்ள இருக்கு. அதுக்கும் மேலயா உங்க கூலன்ட்டு?"

தண்ணியும் தண்ணியும்

பாம்பன் செபஸ்தியானுக்குச் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி. கரையில் மீன் ஏற்றி, பாலம் தாண்டி, பரமக்குடி மார்க்கெட்டில் இறக்குவான். அவன் வீட்டில் அடுப்பு எரிவது அந்த வண்டியால்தான். ஒரு நாள் லோடோடு வந்து கூலன்ட் குறைகிறது என்றான். உள்ளே இருந்தது பச்சை, ஒரு வகை. அவன் கேட்டது சிவப்பு, வேறு வகை. இரண்டையும் கலக்காதே, திரிந்துவிடும், பழையதை இறக்கிக் கழுவிவிட்டு ஒன்றை மட்டும் ஊற்று என்றேன். அன்று பார்த்து அண்ணன் ஊரில் இல்லை. கேட்க ஆள் இல்லாமல் தவித்துப்போனான். பின்னால் ஐஸ் சொட்டிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும்க்கா, அங்கன வேற கடையில பாத்துக்கிறேன்" என்று கிளம்பியவன், வண்டியில் ஏறிக்கொண்டே கேட்டான்: "தண்ணியும் தண்ணியும் சேந்தா சண்டையா போடும்?"

பாலத்தில் ஒன்பது பெட்டி

கார்த்திகை பிறந்திருந்தது. கடைப் போன் அடித்தது. எடுத்த அண்ணன் ஆச்சரியத்தோடு என்னிடம் நீட்டி, "ஒனக்குத்தான்" என்றார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் முறை. செபஸ்தியான் பாம்பன் பாலத்து நடுவில் நின்றான். சூடு காட்டுகிற முள் உச்சிக்குப் போய்விட்டது, முன்னால் ஒரே புகை. "மூடியத் தெறந்து தண்ணி ஊத்தவாக்கா?" என்றான். "தொட்டுறாத! மூஞ்சி வெந்து போகும். என்ஜின ஆஃப் பண்ணிட்டுத் தள்ளி நில்லு. நல்லா ஆறட்டும்" என்று கத்தினேன். மெக்கானிக்கை அனுப்பிவைத்தேன். போய்ச் சேரும்வரை அவன் மூடியைத் தொட்டிருக்கக் கூடாதே என்று இருந்த சாமியையெல்லாம் வேண்டினேன். தொடவில்லை. ஆறிய பிறகு மெக்கானிக் திறந்தால், உள்ளே பச்சையும் சிவப்பும் கலந்து கேப்பைக் கூழ் மாதிரி கெட்டியாக நின்றதாம்.

இரண்டு நாள் கழித்துச் செபஸ்தியான் வந்து கவுண்டரில் சாய்ந்து நின்றான். அப்போது பக்கத்தில், "கடையில யாரும் இல்லையா?" என்று கேட்டபடி ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். செபஸ்தியான் அவர் பக்கம் திரும்பினான். "அய்யா, அக்கா சொல்றதக் கேளுங்க. நான் கேக்கல. ஒம்பது பெட்டி மீனோட பாலத்துல நின்னேன். ஐஸ் பூராம் கரைஞ்சு போச்சு. இருக்கிற வெலைக்கு வித்துருவோம்னு பாத்தா, போற வாற வண்டியெல்லாம் மாலை போட்ட சாமிக! மீன் வாடைக்கு மூக்கப் பொத்திக்கிட்டுப் போறாக. அக்கா பேச்சக் கேக்காததால மீன் போச்சு, கேட்டதால மூஞ்சி தப்பிச்சுச்சு."

கேட்ட வரம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பெரியவரும் முழுவதையும் கேட்டார், தலையை ஆட்டினார், கண்கூட லேசாகக் கலங்கியது. பிறகு செபஸ்தியான் தோளில் கை வைத்துச் சொன்னார்: "பட்டுத் தெளிஞ்ச பிள்ள நீ. நீயே சொல்லுப்பா, என் வண்டிக்கு எத ஊத்தலாம்?"

என்ஜின் கொதித்தால் எதை ஊற்ற வேண்டும் என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, கவுண்டரில் நிற்கிறவள் கொதித்தால் எதை ஊற்றுவது என்று இதுவரை எந்தக் கம்பெனிக்காரனும் போடவில்லை.