பயந்து போட்ட டிக்

அன்று ஏரவாடாவில் அந்த மாடி அறையில் இருந்தது நாங்கள் நாலு பேர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஞாயிறு மத்தியானங்களில் எங்களுக்குச் சும்மாவே சொல்லிக்கொடுத்த டீச்சரம்மா. ரிக்‌ஷா ஓட்டும் அண்ணாச்சி. ஊரின் மறுகோடியில், பாணேரில் இரண்டு ஃபிளாட்டில் சமையல் செய்த தங்கச்சி. அப்புறம், ஏழாவதோடு நின்றுபோன நான்.

மறுநாள், தனியாகப் பத்தாவது எழுதுகிறவர்கள் ஃபார்ம் கொடுக்கக் கடைசி நாள். கொடுப்பதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சரம்மா ஒரு வழக்கம் வைத்திருந்தார். கணக்கு புரிந்துவிட்டது என்று நமக்கே தோன்றினால் ஓரத்தில் பென்சிலால் டிக் போட வேண்டும். அவர் போட மாட்டார், நாம்தான். தங்கச்சி நோட்டில் மொத்தமே ஆறு டிக். என் நோட்டில் டிக் இல்லாத கணக்கே கிடையாது. ஓரம் வெறுமையாக இருந்தால் எனக்குப் பொறுக்காது.

என் நோட்டைப் புரட்டிய தங்கச்சி, "அண்ணே, இதெல்லாம் புரிஞ்சு போட்டதா, பயந்து போட்டதா?" என்றாள்.

அண்ணாச்சி டீ கிளாஸுக்குள் சிரித்தார். நான் வட்டிக் கணக்கின் சூத்திரத்தை, பாடப் புத்தகத்தில் இருந்தபடியே மராத்தியில் கடகடவென்று ஒப்பித்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் கடனைச் சொன்னாள். வாஷிங் மெஷினுக்காக மகளிர் குழுவில் பன்னிரண்டாயிரம், முழு அசலுக்கும் வருஷம் பத்து சதவீதம் வட்டி, பதினெட்டு மாசம். பதினெட்டு மாசமும் அறுநூறு அறுநூறாகக் கட்டியாயிற்று. மீதி எவ்வளவு?

மாசத்தை வருஷம் என்று நினைத்து, வட்டி மட்டுமே இருபத்தோராயிரத்து அறுநூறு என்றேன்.

"அப்போ மெஷினோட சேர்த்து என்னையும் வித்துருங்க அண்ணே."

டீச்சரம்மா ரப்பரை என் பக்கம் தள்ளினார். வட்டிப் பாடத்தின் டிக்குகளை ஒவ்வொன்றாக அழித்தேன். அந்த ரப்பர் தூளின் வாசனையை இன்றைக்கும் எங்காவது முகர்ந்தால் அந்த மத்தியானம் திரும்பி வந்துவிடும். அறை இப்போது மொபைல் ரிப்பேர் கடை. நாங்களும் ஆளுக்கொரு பக்கம்.

சூத்திரத்தை விட்டுவிட்டு யோசித்தேன். ஒரு வருஷத்துக்கு ஆயிரத்து இருநூறு. அரை வருஷத்துக்கு அதில் பாதி. அசலோடு அதைச் சேர்த்து, கட்டியதைக் கழிக்க வேண்டும். மெல்ல மெல்லத்தான் வந்தது, ஆனால் வந்தது. விடையைச் சொன்னதும் தங்கச்சி தலையாட்டினாள். அவளுக்கு முன்பே தெரியும்.

ஃபார்மில் கையெழுத்துப் போட்டேன். நோட்டில் டிக் போடவில்லை. அந்த ஓரத்தில் விடையை மட்டும் எழுதினேன்: மீதி, மூவாயிரம் ரூபாய்.