கிளேர் பதிவு செய்யாத ஒப்பாரி

வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது தலைமையாசிரியர் அறைக்கு எனக்குத் தொலைபேசி வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பாரிசிலிருந்து கிளேரின் தங்கை பேசினார். அக்கா சில மாதங்களாகப் படுக்கையில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை காலமாகிவிட்டார் என்றார். பிரெஞ்சு ஆசிரியையான நான், பாடப்புத்தகத்தில் இருக்கும் ஆறுதல் வாக்கியத்தையே அவரிடம் சொன்னேன். வகுப்புக்குத் திரும்பி மிச்சப் பாடத்தை நடத்தினேன்.

காரைக்காலில் கிளேரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில் கோவில்பத்தில் எங்கள் மாடியறையில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவி அவர். இந்தப் பக்கத்து ஒப்பாரிகளைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய வந்திருந்தார். விடுமுறை நாட்களில் நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர். காலையில் சைக்கிளில் வரிச்சிக்குடி கிராமத்துக்குப் போவார். வெயிலில் சிவந்து திரும்பி, துணி துவைத்து, கேட்டதையெல்லாம் எழுதிவிட்டு, இட்லியை ஜாம் தொட்டுச் சாப்பிடுவார். அதை மட்டும் கடைசிவரை என்னால் சகிக்க முடியவில்லை.

ஒப்பாரி தேடி வந்தவருக்கு ஒப்பாரிதான் கிடைக்கவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று பெண்கள் பாட மறுத்தார்கள். சாவு வீட்டுக்கு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போக கிளேருக்கு மனம் வரவில்லை. வரிச்சிக்குடி வயலில் களை பறித்துக்கொண்டிருந்த அஞ்சலை ஒருநாள் வரப்பில் நின்றவரைப் பார்த்து, "ஏன் புள்ள, உங்க ஊர்ல யாரும் சாவறதே இல்லையா? இங்க வந்து கேட்டுக்கிட்டு நிக்கிற?" என்றார். நான் மொழிபெயர்க்கும் முன்பே கிளேர் சிரித்துவிட்டார். "சாவறாங்க. ஆனா யாரும் பாட மாட்டாங்க" என்றார். உதவித்தொகை முடியும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டுகள் இல்லாமல் ஆய்வேட்டை ஏற்க முடியாது என்று அவருடைய பேராசிரியர் எழுதியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் அவருடைய அப்பா இறந்த தந்தி வந்தது. விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும். கிளேர் அழவில்லை, அறையைக் கூட்டிப் பெருக்கினார். கடைத்தெருவில் பார்த்த அஞ்சலையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

மறுநாள் வரிச்சிக்குடிப் பெண்கள் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். துக்கம் கேட்க வருபவர்களை 'வாங்க' என்று அழைக்கக் கூடாது என்பது கிளேருக்குத் தெரியும். எனக்கே அதைப் பாடமாகச் சொன்னவர். ஆனால் அன்று வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று சிரித்த முகத்தோடு வரவேற்றார். காப்பி போட ஸ்டவ்வையும் பற்றவைத்தார். அஞ்சலை ஸ்டவ்வை அணைத்து, "காப்பியெல்லாம் இருக்கட்டும். இப்புடி வந்து ஒக்காரு புள்ள" என்று கையைப் பிடித்து இழுத்தார். அப்பாவுக்கு என்ன வயது, என்ன உடம்புக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். பாதிக்கு மேல் அவருக்கே பதில் தெரியவில்லை.

பிறகு அவரைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அதுதான் சாவு வீடாயிற்றே. கைக்கு எட்டும் தூரத்தில், மேசைமேல், புது கேசட் போட்ட டேப் ரெக்கார்டர் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். கிளேரும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அஞ்சலையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டே அஞ்சலை கேட்டார்: "அந்தப் பொட்டிய போட்டுவிட்டியா?"

"இல்ல."

"ஏன் புள்ள? இதுக்குத்தான எங்க பின்னாலயே அலைஞ்ச?"

"இது எங்கப்பாவுக்கு" என்றார் கிளேர்.

முறைப்படி யாரும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். இன்னொரு முறை பாடச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை. ஊருக்குப் போய், துக்க வீட்டு வழக்கங்களைப் பற்றி மட்டும் எழுதினார். பேராசிரியர் அவரை அலைக்கழித்து, ஒருவழியாக ஏற்றுக்கொண்டார். அதைக் கொண்டு பல்கலைக்கழக வேலை எதுவும் அமையவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று நானும் நினைத்ததுண்டு.

இப்போது ஒப்பாரி சேகரிக்க வருகிறவர்கள் என்னையும் தேடி வருகிறார்கள். முகம்கூடப் பார்த்திராத ஒரு மனிதரை அந்தப் பெண்கள் என்னவெல்லாம் சொல்லி அழைத்தார்கள் என்பது எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. கிளேரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். வருகிறவர்களிடம், மறந்துபோயிற்று என்று சொல்லிவிடுகிறேன்.