துருக்கி என்று தைத்த அறுநூறு உடைகள்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் எங்கள் தையற்கூடத்தின் பதினான்கு எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. மருத்துவமனையிலிருந்து புருல்கானின் மகன் பேசினான். அம்மா போய்விட்டாள் என்றான். எந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருத்தி மட்டும் கையிலிருந்த தையலை ஓட்டி முடித்துவிட்டு எழுந்தாள்.

புருல்கான் என் கணவரின் அக்கா, கூடத்தை நடத்தியவள். வயது ஐம்பத்திரண்டு. நான் பொருளாதாரம் படித்தவள் என்பதால் காகித வேலை முழுவதும் என்னுடையது.

ரஷ்யா முதலான வடக்கு நாடுகளின் வணிக ஒன்றியத்தில் எங்கள் நாடு சேரப்போகிறது என்ற பேச்சு எழுந்த நாள் முதல் வீட்டில் சண்டைதான். என் கணவர் தோர்தோய் சந்தையில் சீனச் சரக்கை வாங்கி ரஷ்ய வியாபாரிகளுக்கு விற்பவர். சேர்ந்தால் சீனச் சரக்குக்கு வரி ஏறும், கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்றார்.

"வாங்கி விக்கிறவனுக்குத்தான்டா நஷ்டம். தைக்கிறவளுக்கு ரஷ்யா வரைக்கும் கதவு தெறக்குது," என்றாள் அக்கா.

"தெறந்து வச்சுட்டு உன்னையத்தான் எதிர்பாத்துட்டு இருக்காங்களாக்கும்."

2015இல் சேர்ந்தோம். அவர் சொன்னதும் பலித்தது, அக்கா சொன்னதும் பலித்தது. அவர் கடை பாதியாகச் சுருங்கியது. எங்கள் துணியும் சீனாவிலிருந்து வருவதுதான். அதன் விலையும் ஏறியது. வடக்கே நேராக விற்றால்தான் கூடம் நிற்கும். இல்லையென்றால் அப்போது வேலையிலிருந்த எட்டுப் பெண்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். சந்தைக்கு வந்து வாங்கிப்போகும் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரக் கடைக்காரி தமாரா, இனி நேராகவே அனுப்பச் சொல்லி அறுநூறு உடைகள் கேட்டாள். முதல் லாரி கிளம்பியது.

கிர்கிஸ்தானில் செய்தது என்று நான் சரக்குத் தாள்களில் எழுதியிருந்தேன். உடைகளின் கழுத்துப் பட்டையில் துருக்கித் தயாரிப்பு என்று இருந்தது. இருபது வருடமாக எங்கள் ஊர்க் கூடங்களில் அப்படித்தான் தைப்பார்கள். அந்தப் பட்டைகள் சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கைப்பழக்கம். எனக்கும் உறைக்கவில்லை.

சைபீரியச் சாலையில் சுங்கத்துறையினர் லாரியை நிறுத்தினார்கள். துருக்கிச் சரக்கென்றால் வரி உண்டு, ஒன்றிய நாட்டில் செய்தது, வரியில்லை என்றால் அதை நிரூபிக்க வேண்டும். நானும் அக்காவும் இரண்டு நாள் பேருந்தில் போனோம். அக்கா பையிலிருந்து, துணி வெட்டும் அளவுத் தாள்களை எடுத்து, ஓர் உடையை மேசையில் விரித்து, கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினாள். எல்லாம் பொருந்தின.

"நீ தச்சதுல துருக்கின்னு எதுக்கும்மா போட்ட?" என்றார் அதிகாரி.

"எங்க ஊர் பேரப் போட்டிருந்தா நீங்க வாங்கியிருப்பீங்களா சார்?"

அவர் பட்டையை மாற்ற மூன்று நாள் கொடுத்தார்.

கிடங்கில் உட்கார்ந்து அறுநூறு உடைகளின் பட்டைகளையும் பிரித்தோம். அந்த ஊர் அச்சகத்தில் அடித்து வாங்கிய புதிய பட்டைகளைத் தைத்தோம். அதற்குள் தமாராவுக்குத் தகவல் போய்விட்டது. துருக்கி என்று நம்பித்தான் கேட்டிருப்பாள், இனி வாங்கமாட்டாள் என்று அக்கா கடைசிவரை பயந்தாள். மூன்றாம் நாள் தமாரா வந்தாள். அக்கா எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள்.

"மொத வருஷமே தெரியும் புருல்கான். துருக்கிக்காரன் பொத்தானை இவ்வளவு இறுக்கமாத் தைக்க மாட்டான். வண்டியக் கெளப்பச் சொல்லு."

அதன்பின் மாதம் ஒரு லாரி போனது. எட்டுப் பெண்கள் பதினான்கானார்கள். பட்டையில் பிஷ்கேக் என்ற பெயர் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள்.

இந்த வசந்தத்தில் குழந்தை உடைகளும் தொடங்க இருந்தோம். ஒன்றிய விதிப்படி அவற்றுக்குத் தனிச் சான்றும், துணியின் விவரமும் துவைக்கும் முறையும் அச்சிட்ட பட்டையும் வேண்டும். மாதிரிச் சட்டையைத் துவைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று திங்கட்கிழமை அக்கா எடுத்துப் போனாள். சட்டை அவள் வீட்டில் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது. அச்சகத்துக்குத் தரவேண்டிய தாளில், எத்தனை டிகிரி நீரில் துவைக்க வேண்டும் என்ற இடத்தை நான் இன்னும் நிரப்பவில்லை.