மாவள்ளி

சூடேறிய கத்தி பிளாஸ்டிக்கில் இறங்கும்போது ஒரு வாடை எழும்; மூக்கு சுதாரிப்பதற்குள் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். நேற்று பக்கத்து வீட்டில் யாரோ ஓட்டை வாளிக்கு ஒட்டுப் போட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். வட்டவளை போய்வந்து மாதங்கள் ஆகியும் காது மடல் சுடுகிறது.

தங்கச்சி அங்கே புது வீட்டுக்குக் குடிபோனபோது, என் கையால் செய்த ஏதாவது கொடுக்க ஆசை. தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில் புல்லுக்கு அடிக்கும் மருந்து தீர்ந்த வெள்ளைக் கேன் கிடைத்தது. கைப்பிடியோடு சரித்து வெட்டினால், மாவு அள்ள அழகான மாவள்ளி. எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் அந்தக் கேனில்தான் தண்ணீரே. சாம்பலால் தேய்த்தேன், புளி போட்டு ஊறவைத்தேன், வெயிலில் காயவைத்தேன். ஓரத்தைக் கல்லில் தீட்டி முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது தங்கச்சி ரொட்டிக்கு மாவு அள்ளிக்கொண்டிருந்தாள், ஒரு தேநீர்க் கோப்பையால். என் மாவள்ளி அடுப்படியில் கிடந்தது, சாம்பலுக்குள்.

"மச்சானோட கைவேலைக்கு சாம்பல் அள்ளுற உத்தியோகம் குடுத்துட்டோம்," என்று அவள் புருஷன் சிரித்தார்.

"நீங்க சும்மா இருங்க," என்று அவரை அதட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "மாவுல சுடுதண்ணி ஊத்தி அதாலயே கிண்டுனேண்ணே. மருந்து வாடை கெளம்பிருச்சு. பாப்பா வாயில வச்சத துப்பிட்டா."

பாப்பா என் மடியில்தான் இருந்தாள், என் சட்டைப் பொத்தானைத் திருகியபடி. மருந்தடித்த நாளில் சட்டையைக்கூட வாசலுக்கு வெளியே கழற்றிப் போடுகிறவன் நான். அந்த மருந்து குடியிருந்த கேனை அவள் சாப்பாட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன். நான் கழுவியது மேல்தோலை. பிளாஸ்டிக் உள்ளே குடித்துவைத்திருந்ததைச் சுடுதண்ணீர் வெளியே இழுத்துவிட்டது. தங்கச்சி முதல் ரொட்டியை எனக்குத்தான் போட்டாள். தொட்டுக்கொண்ட தேங்காய்ச் சம்பலின் உறைப்பு நல்லதாயிற்று. கண் கலங்கியதற்கு அதைக் காரணம் காட்டலாம்.

ஸ்டேஷன் வரை கூடவே வந்தாள். இனி என் கையால் எதையும் அந்த அடுப்படிக்குள் விடுவாளா? ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ரயில் அசைந்ததும் கூடவே நடந்துகொண்டே சொன்னாள்:

"தேங்கா எண்ணெ கேன் ஒண்ணு கெடச்சா கொண்டாங்கண்ணே. வெட்டாம கொண்டாங்க. என் கண்ணு முன்னாடி வெட்டுங்க."