சிவப்புக்கு மேலே கோப்பி நிறம்

வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவரை சீதாதேவிக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை.

றக்வானவிலிருந்து பஸ் வளைந்து வளைந்து ஏறி, மூச்சு வாங்கி நிற்கிற தேயிலைத் தோட்டம் அது. அங்கே அவள் பிள்ளை மடுவத்து ஆயா. விடிந்தும் விடியாமலும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடுகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். ஒரு காலத்தில் அவளும் கூடை சுமந்து மலை ஏறியவள்தான். மழை நாளொன்றில் சறுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. அதற்குப் பிறகு புருஷன் அழகமுத்துவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். நொண்டிக்கொண்டு வந்து நின்றவளுக்குத் துரை மடுவத்தைக் கொடுத்தார். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் அவள் பெயர் இருந்தது அந்த வேலையால். லய வீட்டு வரிசையில் ஒரு காம்பரா இருந்தது அந்தப் பெயரால். தாய்மார்கள் பிள்ளையைக் கொடுக்க மாட்டோம் என்று ஒரு நாள் சொன்னால் போதும், பெயரும் போகும், கூரையும் போகும்.

உதட்டில் அந்தப் புள்ளி எப்போது விழுந்தது என்று அவளுக்கே தெரியாது. வெற்றிலைச் சிவப்பு அதை மூடி வைத்திருந்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தொழிலாளர் நலன் பார்க்கப் புதிதாக வந்த வெல்பெயார் நோனா, மடுவத்துச் சுவரில் எச்சில் கறையைக் கண்டு முகத்தைச் சுளித்தாள்.

"புலத் கன்ன எபா, சீதா. ளமயி இன்ன தென."

பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வெற்றிலை கூடாது. சரியான பேச்சுத்தான். சீதாதேவி அன்றே நிறுத்தினாள். வாய்ச் சிவப்பு கழுவக் கழுவப் போய், ஒரு காலையில் கைக்கண்ணாடியில் கீழுதட்டின் இடப்பக்கம் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. சோற்றுப் பருக்கை என்று தட்டிவிட்டாள். அது போகவில்லை.

அதற்கு ஊரில் என்ன பெயர் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வெண்குஷ்டம். கீழ் டிவிசனில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற ஒருவருக்குக் கை வெளுத்தபோது, கோயில் பொங்கலில் அவருக்கு மட்டும் இலையைத் தூர வைத்தார்கள். அவரைத் தாண்டிப் போகையில் எல்லோரும் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள். சீதாதேவியும் ஒதுக்கிக்கொண்டவள்தான்.

இரத்தினபுரி பெரியாஸ்பத்திரிக்குத் தனியாகப் போனாள். டொக்டர் துண்டில் எழுதிக்கொண்டே, "மேக்க போவென்னே நே" என்றார். இது ஒட்டாது என்கிறார். தலையை நிமிர்த்திச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தன் தேத்தண்ணிக் கோப்பையைப் பிள்ளைகளின் கோப்பைகளிலிருந்து எடுத்து, கூரைச் சட்டத்துக்கு மேல் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை றக்வான பஜாரில் ஸஹாப்தீன் நானாவின் பென்ஸி கடைக்குப் போனாள். நானாவின் மகள் ஜெஸீமா நின்றாள்.

"லிப்ஸ்டிக்கா? கலியாணத்துக்கா, அன்னாடம் போடவா?"

"அன்னாடம். போட்ட மாதிரியே தெரியக் கூடாது."

ஜெஸீமா சிரித்தாள். அக்காவைத் தாத்தா என்பது அவள் வீட்டு வழக்கம். "தெரியாம ஈக்கிறதுக்கு எதுக்கு தாத்தா காசக் குடுக்கோணும்?"

ஆனாலும் அவள் தன் புறங்கையில் ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினாள். ரோஸ், செங்கல், கத்தரிப்பூ, கோப்பி. கோப்பி நிறம் சீதாதேவியின் உதட்டோடு பிறந்ததைப் போல இருந்தது. வாங்கிக்கொண்டு வீடு வந்து பூசிப் பார்த்தாள். மற்ற இடமெல்லாம் உதட்டு நிறமாகவே இருந்தது. புள்ளி இருந்த இடத்தில் மட்டும் சாயம் வெளிறி, அங்கே யாரோ ரோஜா இதழைக் கிள்ளி ஒட்டியதைப் போல இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. முன்பாவது உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டது.

மறுபடியும் கடைக்குப் போனாள். இந்த முறை ஜெஸீமா சிரிக்கவில்லை. டியூப் வெளிச்சத்தில் அவள் வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மணப்பெண்களுக்கு என்று வைத்திருந்த தட்டிலிருந்து இரத்தச் சிவப்பு ஒன்றை எடுத்தாள்.

"இத அடில போடுங்க, அந்த எடத்துக்கு மட்டும். மேல பவுடர் தட்டுங்க. அதுக்கு மேல கோப்பி. கண்ணாடிய வெளிச்சத்துல வச்சிப் பாருங்க."

பார்த்தாள். புள்ளி இல்லை.

இருந்தாலும் நிம்மதி வரவில்லை. தேத்தண்ணி குடித்தால் அழியும். சோறு தின்றால் அழியும். அடுப்பு வெக்கையில் வியர்த்தால் பவுடர் கரைந்து சிவப்பு எட்டிப் பார்க்கும். பத்து மணிக்குப் பால் கொடுக்க வருகிற தாய்மார்கள் போகும்வரை அவள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் சேலைத் தலைப்பு தானாக வாய்க்குப் போகும்.

உதட்டுச் சாயம் என்பதை மறைக்க முடியவில்லை. கொழுந்துக்காரி கருப்பாயிக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னாடி சீதா, மடுவத்துல படம் எடுக்குறாங்களா?"

"இல்லக்கா, ஒதடு வெடிக்குது. அதுக்குத்தான்."

"எனக்குந்தான் காலு வெடிக்குது. கலரா பூசிக்கிட்டா அலையிறேன்? தாலி அறுத்தவளுக்கு எந்தக் கங்காணி வாங்கிக் குடுத்தான்னு கேளுங்கடி!"

எல்லோரும் சிரித்தார்கள். சீதாதேவியும் சேர்ந்து சிரித்தாள். அந்தப் பேச்சு அவளுக்குச் சுட்டது. ஆனால் அவர்கள் கங்காணியைத் தேடும்வரை புள்ளியைத் தேடமாட்டார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். கெட்ட பெயரோடு வேலையில் இருக்கலாம். அந்த நோயின் பெயரோடு இருக்க முடியாது.

அடுத்த வருஷம் வெசாக் பண்டிகை முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. கோப்பி நிறம் குச்சியின் அடி தெரியத் தீர்ந்தது. புள்ளி இதற்குள் வளர்ந்து வாயோரத்தைத் தொட்டிருந்தது. வேறு வழியில்லை. அன்று உதடு முழுக்க அந்த இரத்தச் சிவப்பையே பூசிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி மடுவத்தைத் திறந்தாள்.

"ஆத்தாடி! பொண்ணு தயாரு, மாப்பிள்ளை எங்க?" என்றாள் கருப்பாயி.

கொழுந்துக்காரிகளில் ஷாமிளா என்று ஒருத்தி. தலைப்பிரசவத்துக்காரி, மகள் பிரஷாந்தினிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பத்து மணிக்கு வந்து அவசர அவசரமாகப் பால் கொடுத்தாள். கங்காணி மேலேயிருந்து சத்தம் போட, ஏப்பம் வரும் முன்பே பிள்ளையைத் தொட்டில் சேலையில் போட்டுவிட்டு ஓடினாள்.

தொட்டில் ஒரு தரம் துள்ளியது. அழுகை இல்லை. அந்த அமைதிதான் சீதாதேவியை எட்டிப் பார்க்க வைத்தது. பிள்ளைக்குப் புரையேறி, மூக்கிலும் வாயிலும் பால் நுரைத்து நின்றது. தூக்கிக் கவிழ்த்து முதுகைத் தட்டினாள். மூச்சு வரவில்லை. சின்ன முகம் கறுக்கத் தொடங்கியது. இப்படி அடைத்துக்கொண்டால் மூக்கில் வாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். லயத்தில் எந்தத் தாய்க்கும் தெரிந்த காரியம். அவளும் எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறாள்.

அவள் வாய் பிள்ளையின் முகத்துக்குச் சாண் தூரத்தில் நின்றுவிட்டது.

ஒட்டிவிட்டால்? இந்தப் பச்சை உதட்டில் நாளைக்கு ஒரு வெள்ளைப் பருக்கை வந்துவிட்டால்? டொக்டர் தலையை நிமிர்த்தவில்லையே. ஒரு கணம்தான் நின்றாள். அந்தக் கணத்தில் பிள்ளையின் கை தளர்ந்து தொங்கியது. அதைப் பார்த்ததும் வாயை வைத்து உறிஞ்சினாள். துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். பிள்ளை ஒரு விக்கல் விக்கி, வீறிட்டு அழுதது.

தேத்தண்ணி வாளியோடு வாசலில் நின்ற கருப்பாயி அதைவிடப் பெரிதாக அலறினாள். "ஐயோ ரத்தம்! புள்ள மூஞ்சியெல்லாம் ரத்தம்!"

பாதிச் சரிவு ஏறியிருந்தவர்கள் தேயிலைக்குள் விழுந்து எழுந்து ஓடி வந்தார்கள். ஷாமிளா பிள்ளையைப் பறித்தாள். மூக்கிலும் கன்னத்திலும் தாடையிலும் சிவப்பு.

"என்னா செஞ்சீங்க எம்புள்ளைய?"

"பொரையேறிருச்சும்மா, உறிஞ்சி எடுத்தேன். ரத்தமில்ல, சாயம். இந்தா பாரு, சாயம்தான்!"

சொன்ன வேகத்தில் சேலைத் தலைப்பால் தன் வாயை அழுத்தித் துடைத்துக் காட்டினாள்.

எல்லோர் பார்வையும் சாயம் போன அவள் உதட்டில் நின்றது. யாரும் சேலையில் இருந்த சிவப்பைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து யாரோ அந்த நோயின் பெயரை மெதுவாகச் சொன்னார்கள். ஷாமிளா பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். சாயம் போன பிறகும், தோல் சிவக்கச் சிவக்கத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

மறுநாள் சீதாதேவி ஒன்றும் பூசாமல் வந்தாள். இனி எதற்கு? அடுப்பை மூட்டிவிட்டு வாசலில் நின்றாள். கீழே படிக்கட்டோரம் தாய்மார்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். யாரும் ஏறவில்லை. பெரட்டு முடியப்போகிறது என்று கங்காணி கத்தினான். இரண்டு பேர் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அப்படியே மலைக்குத் திரும்பினார்கள். கருப்பாயி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். சீதாதேவி வாசல் தட்டி மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஷாமிளா படியேறி வந்தாள். பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"ஒட்டுமாக்கா?"

"ஒட்டாதுன்னு இரத்தினபுரி டொக்டர் சொன்னாரு."

"நீங்க நம்புறீங்களா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சீதாதேவியின் வாய்க்கு அது வரவில்லை. "தெரியலம்மா. நம்பியிருந்தா நேத்து கொஞ்ச நேரம் நின்னுருக்க மாட்டேன்."

"நின்னீங்களா?"

"நின்னேன். புள்ளைக்கு வந்துருமோன்னு."

ஷாமிளா அவளையே பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் பிள்ளையைக் கொடுத்தாள். பிரஷாந்தினி அந்த வாயைப் பார்த்து வீறிட்டது. தாயிடம் தாவியது. கீழே தாயின் இடுப்பிலிருந்த பிள்ளைகூட ஒன்று முகத்தைத் திருப்பியது. வேற்று மனுஷியைக் கண்ட அழுகை. சீதாதேவி பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினாள்.

"இருங்க," என்றாள் ஷாமிளா. "அதுக்கு இந்த வாயத் தெரியாது. சாயம் கெடக்கா?"

"அந்தச் சிவப்பு மட்டுந்தான் கெடக்கு."

"அதையே போடுங்க. சுருக்கா. கங்காணி எனக்குப் பேரு வெட்டிருவான்."

சீதாதேவி இடுப்பு முடிச்சிலிருந்து குச்சியை எடுத்தாள். படிக்கட்டில் நின்ற அத்தனை பேருக்கும் எதிரில், கண்ணாடி இல்லாமல் பூசினாள். பிள்ளை விக்கி விக்கிப் பார்த்தது. அழுகை நின்றது. கீழே ஒருத்தி பெருமூச்சு விட்டுப் படியில் கால் வைத்தாள்.

"கோணலாப் போயிருச்சுக்கா," என்று ஷாமிளா விரலை நீட்டினாள். விரல் வெளுத்த வாயோரத்துக்கு அருகில் வந்து நின்றது. சீதாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அந்த விரல் பட்டது. குளிர்ந்து, கொழுந்துக் கறையால் சொரசொரத்து. வழிந்த சாயத்தை ஒரே இழுப்பில் சரிசெய்தது.

கண்ணைத் திறந்தபோது ஷாமிளா விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியில் அதை ஒருமுறை துடைத்தாள், இன்னொரு முறையும் துடைத்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு ஓடினாள்.